வால் ஒட்டாத புரதம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடையை ரூத் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆவடியில் 7.40 ரயில், உட்கார இடமில்லை. பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழில் எஸ்டேட்டுக்குள் லேபுக்கு நடப்பதற்குள் சேலைக் கரை வரை சேறு.

லேப் நோட்டில் எண்கள் மட்டும். லேபை நடத்தும் பத்மா மேடம் அதில் ரொம்பக் கண்டிப்பு. மற்றதை எழுத இந்த நோட்டு. ரூத்தின் போன வருடக் கணக்கு நோட்டு, பின்பக்கம் பாதி காலி.

இன்று எண்ணும் நாள். பதினேழாம் நம்பர் மருந்து போட்டு சரியாக எழுபத்திரண்டு மணி நேரம்.

வாய்ப் புற்று செல்கள். மருந்து போடாத பிளேட்டில் இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. மருந்து போட்டதில் அங்கங்கே திட்டுத்திட்டாக. எண்ணினேன். ஏறக்குறைய பாதி. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். பாதிதான்.

ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு ஜூலையில்தான் வேலைக்குத் திரும்பினேன். ஒப்பந்தம் டிசம்பர் வரை. என் கையால் வந்த முதல் உருப்படியான முடிவு இது. பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுகை. முகம் கழுவிக்கொண்டு வந்து மேடத்திடம் காட்டினேன்.

"நல்லாருக்கு ஷீலா," என்றார். அவ்வளவுதான். ஆனால் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எனக்கு அது போதும்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஜெபா கேட்டார், "அந்த மருந்து அப்படி என்னதான் பண்ணுது?"

தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். செல்லுக்குள் ராஸ் என்று ஒரு புரதம். அதன் பின்பக்கம் ஒரு கொழுப்பு வால் ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் அது செல்லைச் சுற்றிய சவ்வில் போய் உட்காரும். உட்கார்ந்தால்தான் 'வளரு, ரெண்டாப் பிரி' என்ற உத்தரவு உள்ளே போகும். புற்றுநோயில் அந்தப் புரதம் கெட்டுப்போய் நிறுத்தாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். வாலை ஒட்டுவது ஒரு நொதி. அந்த நொதியை வேலை செய்ய விடாமல் தடுப்பதுதான் பதினேழு.

"அப்ப வால் இல்லேன்னா உத்தரவும் இல்ல," என்றார் ஜெபா. என் வீட்டுக்காரர் பாடி பக்கம் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவர். எதையும் ஒரு வரியில் முடித்தாக வேண்டும்.

ரூத்: "நல்ல செல்லுக்கும் வால் வேணுமில்லம்மா?"

வேணும். பன்னிரண்டு வயதுக்கு நல்ல கேள்வி. பதில் சொல்லத் தொடங்குவதற்குள் தோசை கருகிவிட்டது.

நவம்பர் 5, புதன்

வெயில். துணி காய்ந்தது.

மத்தியானம் மாடிப்படியில் தேவிக்கா பிடித்துக்கொண்டார். லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஆவியில் வைத்துச் சுத்தம் செய்வது எல்லாம் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். காலையில் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விட்டு வந்து, பதினொரு மணிக்கு வேலை ஆரம்பிப்பார். மேடம்தான் அனுமதித்திருக்கிறார்.

"ஷீலாம்மா, அந்த மருந்து வேலை செய்யுதாமே? நேத்து நீங்க மேடத்தாண்ட சொல்லிகினு இருந்தீங்க."

"பிளேட்ல செய்யுதுக்கா."

"வாய்ப் புத்துக்குத்தான?"

"அந்த செல்லுக்கு."

"என் ஊட்டுக்காரருக்கும் அதான கீது."

தெரியும். முருகேசன், லோடு ஆட்டோ ஓட்டுபவர். முப்பது வருடம் கன்னத்தில் புகையிலை அடக்கி வைத்த மனிதர். ஆகஸ்டில் கன்னத்தை வெட்டி ஆப்பரேஷன். இப்போது பெரியாஸ்பத்திரியில் தினமும் கதிர்வீச்சு. அக்கா அதை 'கரண்ட்டு வைக்கிறது' என்பார். இன்னும் எட்டு பாக்கி.

"ஒரு சிட்டிகை குடுங்க. யாராண்டயும் சொல்ல மாட்டேன். கஞ்சியில கலந்து குடுத்துடறேன்."

"முடியாதுக்கா."

 அக்கா கூடையைப் படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முடியாதுன்னு எவ்ளோ சுளுவா சொல்லிட்ட."

நீங்க போய் நீ ஆனது. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, ரூத்துக்குக் கிராஃப் தாள், குடை.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். ஒன்றுமே சரியில்லை.

இரண்டாவது வகை செல்லை எண்ணினேன். நுரையீரல் புற்று. அதே மருந்து, அதே அளவு, அதே எழுபத்திரண்டு மணி நேரம். மருந்து போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை. அது பாட்டுக்கு வளர்ந்து கிடக்கிறது. தண்ணீரை ஊற்றியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

முதலில் நான் எதையோ மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். லேபிளைப் பார்த்தேன். நோட்டைப் பார்த்தேன். தப்பில்லை.

மேடம்: "மருந்தைக் கொடுத்த கம்பெனியோட பதினாலாம் தேதி பேசணும். தொடரலாமா நிறுத்தலாமான்னு அன்னைக்கு முடிவாயிடும்." அப்புறம் ஒரு கேள்வி: "முதல் செல்லுல எந்த ராஸ் கெட்டிருக்கு? இதுல எது?"

ராஸில் மூன்று உண்டு: எச், கே, என். அண்ணன் தம்பிகள் மாதிரி. எந்த செல்லில் எது என்று எனக்குத் தெரியவில்லை. கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டேன். "பார்த்துச் சொல்றேன் மேடம்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தேவிக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சுத்தம் செய்த சாமான்களை எப்போதும் கையில் கொடுப்பார். இன்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ரயிலில் பக்கத்தில் இரண்டு பேர். "இன்னா மாமே, புயலு வருதாம்." "வந்தா வரட்டும், லீவாவது கிடைக்கும்."

நவம்பர் 7, வெள்ளி

தூக்கம் இல்லை. அந்த 'சுளுவா' மண்டைக்குள்ளேயே. காரணம் சொல்லாமல் முடியாது என்றதுதான் தப்பு. காலையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு அக்கா வந்ததும் கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் வாங்கக்கா. ஒண்ணு காட்டணும்."

"எனக்கு வேலை கீது."

"இதுவும் வேலைதான்."

மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தேன். பத்து வருடமாக அதைத் துடைக்கிறார், ஒரு தடவை கூட உள்ளே பார்த்ததில்லையாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்ணாலும் பாருங்க என்றேன்.

முதல் பிளேட், மருந்து போடாத வாய்ப் புற்று. "இன்னாது இது, கோயம்பேடு மாதிரி கூட்டம்?"

இரண்டாவது, மருந்து போட்டது. "கொறஞ்சிட்ச்சு." குரல் ஏறியது. "நெஜமாவே கொறஞ்சிட்ச்சு ஷீலாம்மா."

மூன்றாவது பிளேட்டை வைத்தேன். எந்த செல் என்று முன்கூட்டிச் சொல்லாமல் விட்டேன். நிறைய நேரம் பார்த்தார். உருண்டு, சுருங்கி, தரையை விட்டுக் கழன்று மிதப்பவை.

"இது எல்லாம் செத்துப்போச்சு. இதுதான் ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்குது."

"அக்கா, அது புத்து இல்ல. நல்ல செல். ஒடம்புல சாதாரணமா இருக்கறது. போன வாரம் அளவு பார்க்க மருந்தைக் கொஞ்சம் அதிகமாப் போட்டேன், அதுவும் செத்துப்போச்சு."

கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு போட்டா புத்து மட்டும் அழியும், எவ்வளவு போட்டா மனுஷனும் சேர்ந்து போவான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிய ரொம்ப வருஷம் ஆகும். ஒரு சிட்டிகைன்னு கேட்டீங்களே, அது அதிகமா கம்மியான்னு கூட என்னால சொல்ல முடியாது."

"அப்ப இது விஷம்னு சொல்லு."

"அளவு தெரியற வரைக்கும், ஆமா."

எழுந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மைக்ராஸ்கோப்பில் கண் பட்ட இடத்தையும் அதே முந்தானையால் துடைக்கப் போய், நினைவு வந்து, லேப் துணியை எடுத்துத் துடைத்தார்.

"மொதல்லயே இத்த காட்டியிருக்கலாமில்ல."

"காட்டியிருக்கணும்."

"டாக்டரு குடுக்கற கரண்ட்டு நல்லதுதான?"

"அதுக்கு அளவு தெரியும்க்கா. எத்தனையோ பேருக்கு வச்சுப் பார்த்தது. அதை மட்டும் விட்டுடாதீங்க."

சாயங்காலம் சாமான்கள் கையில் வந்தன.

நவம்பர் 8, சனி

லீவு. ஜெபாவும் ரூத்தும் மார்க்கெட். வீட்டில் நான், மடிக்கணினி, ஆறிப்போன காபி.

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தேன் என்று சொல்லக் கூடாது, பழைய பேப்பர்களில் இருக்கிறது. முதல் செல்லில் கெட்டிருப்பது எச். இரண்டாவதில் கே.

எச்சுக்கு வால் ஒட்ட ஒரே ஒரு நொதிதான். அதைத் தடுத்தால் எச் மொட்டையாக நிற்கும். கே அப்படி இல்லை. ஒரு நொதியைத் தடுத்தால் பக்கத்தில் இருக்கும் வேறொரு நொதி வந்து, கொஞ்சம் நீளமான இன்னொரு வாலை ஒட்டிவிடுகிறது. கே ஒன்றுமே நடக்காத மாதிரி சவ்வில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் அந்த நுரையீரல் செல் அசையவில்லை.

மருந்து தோற்கவில்லை. தப்பான இடத்தில் கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் ஒரு காலத்தில் எனக்குத் தெரியும். எம்.எஸ்ஸி.யில் செமினார் எடுத்திருக்கிறேன். ஒன்பது வருடத்தில் எங்கே போனது? கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய் பசி வந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்தவர்கள் வாங்கி வந்த வடை முழுவதையும் நானே தின்றேன்.

மேடத்துக்கு போன். கேட்டுவிட்டு, "எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஆனா கம்பெனிகிட்ட சந்தேகத்தைக் காட்ட முடியாது. வால் ஒட்டலைன்னு காட்டற படம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

நாளை செல் பரப்பினால் திங்கள் மருந்து, வியாழன் எண்ணலாம், வெள்ளி காலை படம். முடியும், ஒரு மணி நேரம் கூட வீணாகாமல் இருந்தால்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை, மனசு முழுக்க பிளேட். மத்தியானமே லேபுக்குக் கிளம்பினேன். ஜெபா முகம் கொஞ்சம் கோணியது. ரூத்தின் பாட்டுப் போட்டிக்கு உடை தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது.

"நான் கூட்டிட்டுப் போறேன். நீ போ," என்றார் கடைசியில். பிளவுஸ் அளவு எழுதிக் கொடுத்தேன்.

எஸ்டேட்டில் ஞாயிறு அமைதி நன்றாகத்தான் இருக்கிறது. கீழே அட்டைப்பெட்டிக் கம்பெனி மூடியிருந்தது. மூன்று வகை செல்: எச், கே, நல்லது. ஒவ்வொன்றிலும் மருந்து போட நான்கு, போடாமல் நான்கு. எல்லாவற்றையும் 37 டிகிரி பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

நவம்பர் 10, திங்கள்

காலை 9.30க்கு மருந்து. நேரத்தை மூன்று இடத்தில் எழுதி வைத்தேன்.

ஜெபா எல்லாக் கடையிலும் ஏறி இறங்கி, தையல்காரரிடம் தப்பான அளவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ரூத் பேசவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இரவெல்லாம் மழை. விடியும்போது தெருவில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடங்களுக்கு லீவு. எனக்கு 9.30க்கு எண்ண வேண்டும்.

ஆவடியிலிருந்து ரயில் ஊர்ந்து ஊர்ந்து அம்பத்தூர் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தில் தண்ணீராம். இறங்கினேன். ஆட்டோக்காரர், "எஸ்டேட்டா? வண்டி நீச்சலா அடிக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். நடந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். சாக்கடை எது சாலை எது என்று தெரியவில்லை. ஓரிடத்தில் கால் வழுக்கி இடுப்பு வரை நனைந்தேன். வழி முழுக்க ஒரே பயம். கரண்ட் போயிருக்கும், செல் வைத்திருக்கும் பெட்டி குளிர்ந்திருக்கும், எல்லாம் போச்சு.

9.20. ஷட்டர் பாதி திறந்திருந்தது. மேலே தேவிக்கா.

"நீங்க எப்படிக்கா? ஆஸ்பத்திரி?"

"பஸ்ஸே இல்ல. போன் பண்ணேன், கடைசியில ஒண்ணு சேத்து வெச்சிக்கலாம்னாங்க. எனக்கு ஊடு மண்ணூர்பேட்டைதான, நடந்து வந்துட்டேன். ஆறரைக்கெல்லாம் வந்துட்டேன்."

"கரண்ட் போச்சா?"

"நாலு வாட்டி போச்சு. பேட்டரி எடுத்துகிச்சு. பொட்டியை நான் தொறக்கவே இல்ல. இத்த பாரு."

நாள்காட்டித் தாளின் பின்பக்கம். பென்சிலில், அரை மணிக்கு ஒரு வரி. 6.30 – 37. 7.00 – 37. 7.30 – 36.8. 8.00 – 37. இப்படி 9.00 வரை. கதவில் ஓடும் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார். யாரும் சொல்லாமல்.

"ஏழரைக்குக் கொஞ்சம் கொறஞ்சிது. நெஞ்சு அடிச்சிக்கிச்சு. அப்பால ஏறிட்ச்சு."

கட்டிப்பிடித்துவிட்டேன். இரண்டு பேரும் நனைந்துபோனோம். அந்தத் தாளை லேப் நோட்டில் ஒட்டி, கீழே அவர் பெயரை எழுதினேன்.

அக்காவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை. எண்ணி முடித்தேன். மத்தியானம் செல்லை உடைத்துப் புரதத்தை ஜெல்லில் பிரிக்கப் போட்டேன். வால் இல்லாத புரதம் மெதுவாக நகரும். படத்தில் அதன் பட்டை ஒரு நூல் மேலே நிற்கும். நின்றால்.

திரும்பி வர இரவு எட்டு. ஜெபா வென்னீர் வைத்திருந்தார்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது.

காலை எட்டரைக்குப் படம் எடுத்தேன். மேடமும் நானும் திரை முன்னால்.

எச் செல், மருந்து இல்லாமல்: ஒரு பட்டை. மருந்தோடு: இரண்டு. கீழே மங்கலாக ஒன்று, அதற்குச் சற்று மேலே புதிதாக ஒன்று, கறுப்பாக. வால் ஒட்டாதது.

கே செல்: மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பட்டை, ஒரே இடம்.

வளர்ச்சி எச் செல்லில் குறைந்திருக்கிறது. முதல் தடவை மாதிரி பாதியாகவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சியிருக்கிறது. கே செல்லில் மாற்றமில்லை. நல்ல செல் இந்த அளவில் உயிரோடு இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சோர்ந்து.

"முதல் தடவை வந்த எண்ணையும் சொல்லணுமா மேடம்? அது நல்லாருந்துச்சு."

"ரெண்டையும் சொல்லுங்க. நல்ல செல் சோர்ந்ததையும் சொல்லுங்க."

மூன்று மணிக்கு கம்பெனியோடு பேச்சு. நான்தான் படத்தை விளக்கினேன். நாக்கு ஒருமுறை தடுமாறியது, பிறகு சரி.  கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: எல்லாப் புற்றுக்கும் வேண்டாம், எச் கெட்ட வகைக்கு மட்டும் தொடருங்கள், நல்ல செல்லைக் காப்பாற்றும் அளவைத் தேடுங்கள்.

போனை வைத்ததும் மேடம், "டிசம்பரோட போயிடாதீங்க ஷீலா. ஜூன் வரைக்கும் எழுதித் தரேன்."

தேவிக்கா எட்டிப் பார்த்தார். திரையைக் காட்டினேன்.

"எது நல்ல கோடு?"

"மேல இருக்கறது."

"அது ஒண்ணுக்குத்தான் இம்மாம் பாடா?" சிரித்தார். பிறகு மெதுவாக, "அவருக்கு எச்சா, அந்த இன்னொண்ணா?"

"தெரியாதுக்கா. வாய்ப் புத்துல எல்லாருக்கும் எச் கெட்டிருக்காது. கொஞ்சம் பேருக்குத்தான்."

"செரி." அவ்வளவுதான். கேட்டுக்கொண்டார்.

நவம்பர் 17, திங்கள்

புது உடையில் ரூத். அளவைத் திருத்திவிட்டார்கள். பேச்சு வந்துவிட்டது.

அக்கா ஒரு காகிதம் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஆப்பரேஷனில் எடுத்த துண்டில் மீதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். "கையெழுத்துப் போட்டா நம்மள ஏதாவது பண்ணுவாங்களான்னு கேக்கறாரு. போடலன்னா கரண்ட்டை நிறுத்திடுவாங்களா?"

வரி வரியாகப் படித்துச் சொன்னேன். போடாவிட்டாலும் வைத்தியம் நிற்காது. போட்டால் அவருக்கு இப்போது ஒரு லாபமும் இல்லை. பெயர் வெளியே வராது. எண் மட்டும் இருக்கும்.

"நீ போடச் சொல்றியா?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. அவரோடது."

நவம்பர் 18, செவ்வாய்

நல்ல வெயில். மூன்றாவது முறைக்கு செல் பரப்பினேன், இந்தத் தடவை ஆறு அளவுகளில்.

பன்னிரண்டு மணிக்குத் தேவிக்காவின் எண்ணிலிருந்து போன். எடுத்தால் ஆண் குரல். தடித்து, கொழகொழவென்று, ஒவ்வொரு வார்த்தையாக. ஆப்பரேஷனுக்குப் பிறகு முருகேசன் தன்னைத் தவிர யாரோடும் பேசுவதில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். இதுவரை நான் கேட்டதே இல்லாத குரல்.

"மேடம். கரண்ட்டு முடிஞ்சிட்ச்சு. இன்னிக்குத்தான் கடைசி."

"ரொம்ப சந்தோஷம் அண்ணா. சாப்பிட முடியுதா?"

"ரசஞ்சோறு. நேத்து ரெண்டு கரண்டி." மூச்சு வாங்கினார். "ஒண்ணு கேக்கணும். நீங்க வெச்சினு கீறீங்களே அந்த செல்லு, அது ஒரு ஆளோடதுதான?"

"ஆமாண்ணா. எப்பவோ ஒருத்தர் வாய்ல இருந்து எடுத்தது."

"பேரு இன்னா?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நான்கு மாதமாகத் தினமும் பார்க்கிறேன், சாப்பாடு போடுகிறேன், எண்ணுகிறேன். ஒருநாளும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

"உயிரோட கீறாரா?"

"அதுவும் தெரியாதுண்ணா. ரொம்ப வருஷம் ஆச்சு."

 பின்னால் பஸ் சத்தம், அக்கா யாரையோ 'தள்ளு நைனா' என்று அதட்டுவது.

"செரி, நான் கையெழுத்து போட்டுட்டேன். வெட்டி எடுத்தது, நம்மளுக்கு இன்னாத்துக்கு? பேரு வாணாம். நம்பரு போடுவாங்களாமே, அத்த மட்டும் பார்த்துப் போடச் சொல்லுங்க. கூட்டினா அஞ்சு வரணும். என் வண்டி நம்பரு எல்லாமே அஞ்சுதான்."

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு யாரையும் தெரியாது. அதைச் சொன்னேன்.

"தெரிஞ்சிக்குங்க," என்றார்.